வசனம் கடைசியில் வரட்டும்

கேரளத்தின் தென்கோடி எல்லைக் கிராமங்களில் நாடகம் பயிலும் மாணவர்களுக்கு நடிப்பின் முதல் பாடங்கள் எங்கே கிடைக்கின்றன?

பனச்சமூடு சந்தையில் நின்று கேட்டால் எந்த மொழி எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒருவர் தமிழில் விலை கேட்பார், பதில் மலையாளத்தில் வரும், பேரம் படிந்துவிடும். சந்தையை ஒட்டியே மாநில எல்லை. அங்கிருந்து சற்றுத் தள்ளி வெள்ளறடை. ஒரு திசையில் பாறசாலையும் களியக்காவிளையும், இன்னொரு திசையில் நெய்யாற்றின்கரை, மலைப் பக்கம் தெற்கன் குரிசுமலையும் காளிமலையும். அந்த இரண்டு மலைகளுக்கும் இரு மாநிலத்தாரும் ஏறுகிறார்கள்.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு போட்டார்கள், ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும், கோயில் கொடைக்கும் தேவாலயத் திருநாளுக்கும் போய்வருவதும் நிற்கவில்லை. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, விளையாட்டில் இரண்டும் கலந்த மூன்றாவது பேச்சு என்று வளரும் பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் இன்றும் ஏராளம்.

அப்படி ஒரு பிள்ளையை மேடையில் ஏற்றி “நடி” என்று சொல்லிப் பாருங்கள். அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்த உடம்பு விறைத்துப்போகும். கை எங்கே வைப்பது என்று தெரியாது. குரல் திடீரென்று மேடைப் பேச்சாளர் குரலாக மாறும், இல்லாவிட்டால் போன வாரம் பார்த்த சினிமாவின் நாயகன் குரலாக. சொந்தக் குரலும் சொந்த நடையும் மேடைக்குக் கீழேயே தங்கிவிடும். நடிப்புப் பட்டறை செய்ய வேண்டிய முதல் வேலை, கீழே தங்கிவிட்ட அந்தக் குரலையும் நடையையும் மேலே கூட்டி வருவதுதான்.

கோப்பையும் அவசரமும்

கேரளத்தில் பள்ளி நாடகம் என்றாலே கலோத்ஸவம்தான். 1957இல் எர்ணாகுளத்தில் சிறிய அளவில் தொடங்கிய மாநிலப் பள்ளிக் கலைவிழா, இன்று பள்ளி, உபஜில்லா (துணை மாவட்டம்), ஜில்லா (மாவட்டம்), மாநிலம் என்று நான்கு படிகளில் ஏறும் பெரும் போட்டி. ஒட்டுமொத்த வெற்றி பெறும் மாவட்டத்துக்கு 117.5 பவுன் தங்கக் கோப்பை. 2025 ஜனவரி 4 முதல் 8 வரை திருவனந்தபுரத்தில் நடந்த 63ஆவது விழாவில் 25 மேடைகள். திருச்சூர் 1008 புள்ளிகளுடன் கோப்பையை வாங்கியது, பாலக்காட்டுக்கு 1007. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்.

அந்த ஒரு புள்ளியில்தான் நல்லதும் கெட்டதும் இருக்கின்றன. பள்ளி நாடகத்தை இவ்வளவு பொருட்படுத்தும் மாநிலம் இந்தியாவில் அபூர்வம். நாடகம், மோனோ ஆக்ட், மூகாபிநயம் எனும் ஊமை நடிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி மேடை, தனி நடுவர்கள், நள்ளிரவு தாண்டியும் கலையாத கூட்டம். தமிழ்க் கவிதை சொல்லும் போட்டிகூட உண்டு. அதேசமயம், உபஜில்லாப் போட்டிக்குச் சில வாரங்களே இருக்கும்போது ஓர் இயக்குநரை வரவழைத்து, அவர் சொல்லும் தொனியை அப்படியே பிள்ளைகள் வாயில் ஏற்றும் பழக்கமும் வந்துவிட்டது. “இந்த இடத்தில் அழு. இங்கே மூன்று அடி முன்னால் வா. இங்கே கையைத் தூக்கு.” பிள்ளை அழுகிறது, நடக்கிறது, கையைத் தூக்குகிறது. ஏன் என்று கேட்க அதற்கு நேரம் இல்லை. பரிசு கிடைக்கலாம். அடுத்த நாடகத்தில் அதே பிள்ளை மறுபடியும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பட்டறையின் நோக்கம் வேறு. அதன் முடிவில் ஒரு நாடகம் வரலாம், வராமலும் போகலாம். எந்த நாடகத்தைக் கையில் எடுத்தாலும் பயன்படும் கருவிகளைப் பிள்ளைக்குக் கொடுப்பதே அங்கு நடக்கும் வேலை. அந்த வேலையில் இந்த எல்லை வட்டாரத்துக்கு ஒரு பழைய உரிமையும் உண்டு.

இரு பக்கமும் நடந்தவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் நாடகக் கம்பெனிகள் திருவிதாங்கூர் வழியே ஊர் ஊராகப் போய்ப் பாட்டும் வசனமுமாக நாடகம் போட்டன. அவற்றைப் பார்த்துத்தான் மலையாளத்தில் சங்கீத நாடகம் பிறந்தது. டி.சி. அச்சுதமேனோனின் ‘சங்கீத நைஷதம்’ 1892இல் வந்தது. தமிழ் நாடக நடிகர் ‘அவ்வை’ டி.கே. சண்முகம் பிறந்தது திருவனந்தபுரத்தில், 1912இல். ஆறு வயதில், 1918இல், மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் அண்ணன்மாரோடு சேர்ந்தார். அப்படிச் சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகள் அந்தக் காலத்தின் நடிப்புப் பள்ளிகள். பாட்டு, வசனம், தாளம் எல்லாம் அங்கே எலும்பில் ஏறும்படி கற்றுக்கொடுக்கப்பட்டன. குழந்தைப் பருவத்தையே விலையாகக் கொடுத்துக் கற்ற கல்வி அது. அந்த முறை திரும்பி வர வேண்டியதில்லை. ஆனால் குரலுக்கும் மூச்சுக்கும் அவர்கள் கொடுத்த நேரத்தை இன்றைய பள்ளி மேடை மறந்திருக்கக் கூடாது.

நவீன காலத்தில் பட்டறை என்ற வடிவமே இந்த எல்லையை இரு திசையிலும் கடந்து வளர்ந்தது. சிறையின்கீழில் 1930இல் பிறந்த ஜி. சங்கரப்பிள்ளை, மலையாள நாடகாசிரியர், ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் காந்திகிராமத்தில் ஆசிரியராக இருந்தார். அங்கே அவரோடு நாடகத்தைப் பற்றிப் பேசிப் பேசி நெருக்கமானவர் நாங்குநேரிக்காரர் சே. ராமானுஜம். பிறகு சங்கரப்பிள்ளை கேரளத்துக்குத் திரும்பி, நாடகாசிரியர் சி.என். ஸ்ரீகண்டன் நாயர் போன்றவர்களோடு சேர்ந்து 1967இல் சாஸ்தாங்கோட்டையில் முதல் நாடகக் களரியை நடத்தினார். எழுத்தாளர், நடிகர், ஓவியர், ஆசிரியர் எல்லோரும் ஓரிடத்தில் தங்கி, நடிப்பது எப்படி, மேடையை எப்படிப் பார்ப்பது என்று செய்து பார்த்துக் கற்ற முகாம் அது. கேரளத்தில் ‘நாடகக் களரி’ என்ற சொல் பரவியது அதற்குப் பிறகுதான்.

தமிழ்நாட்டில் அதற்கு ஈடான நிகழ்வு 1977இல் காந்திகிராமத்தில் நடந்த 70 நாள் பயிற்சி முகாம். டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் துணையோடு நடந்த அந்த முகாமில் நாடக இயக்குநர் பன்சி கௌலும், அதே பள்ளியில் இப்ராஹிம் அல்காசியிடம் படித்துத் திரும்பியிருந்த ராமானுஜமும் கற்பித்தார்கள். அங்கே பயின்ற மு. ராமசாமி மறு ஆண்டே மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். சங்கரப்பிள்ளையை முதல் இயக்குநராகக் கொண்டு அதே 1977இல் திருச்சூரில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி தோன்றியது. நாங்குநேரித் தமிழரான ராமானுஜம் அங்கே மலையாள மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் ஆசிரியர். பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம். 2008ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதெமி விருது பெற்ற அவர் 2016இல் மறைந்தார்.

பிள்ளைகளுக்கான முன்மாதிரி திருவனந்தபுரம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. வெஞ்ஞாறமூடு அருகே, சங்கரப்பிள்ளையின் வழிகாட்டலில், கொச்சுநாராயண பிள்ளை 1970இல் தொடங்கிய ‘ரங்கப்ரபாத்’ சிறுவர் நாடக அரங்கு. நகரத்துப் பெரிய மேடையை நம்பாமல் ஒரு கிராமத்தில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வைத்தே கட்டப்பட்டது. மாவட்டத்தின் வடபகுதியில் முடிந்த காரியம், தென்கோடியில் முடியாமல் போக எந்தக் காரணமும் இல்லை.

முதல் பாடம் பேசாமல்

தேர்ந்த பயிற்சியாளர் யாராக இருந்தாலும் முதல் நாள் பிரதியைக் கொடுப்பதில்லை. பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு நடக்கச் சொல்வார். சும்மா நடப்பது. யாரோடும் மோதாமல், அறையில் எந்த மூலையும் காலியாக விடாமல், எல்லோரும் ஒரே நேரத்தில். கைதட்டினால் உறைந்து நிற்க வேண்டும். அடுத்த சுற்றில் கைதட்டலும் கிடையாது. யாரோ ஒருவர் நிற்பதை உணர்ந்து எல்லோரும் நிற்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். முப்பது பிள்ளைகள் இதைச் சரியாகச் செய்ய ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் கற்பது நடிப்பின் அடிப்படை: மேடையில் நான் மட்டும் இல்லை, பக்கத்தில் இன்னொரு உடம்பு இருக்கிறது.

அடுத்து கண்ணாடிப் பயிற்சி. இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் அசைய மற்றவர் பிம்பமாகத் தொடர்வது. பிறகு மாற்றிக்கொள்வது. கடைசியில் யார் முன்னால் அசைகிறார், யார் தொடர்கிறார் என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் போக வேண்டும். உலகெங்கும் நாடகப் பயிற்சியில் புழங்கும் இந்த வகை விளையாட்டுகளுக்கு முறையான வடிவம் தந்தவர் அமெரிக்காவின் வயோலா ஸ்போலின். சமூகப் பணியாளர் நேவா பாய்டிடம் சிகாகோவில் விளையாட்டின் வழியே கற்பிக்கும் முறையைப் பயின்றவர். 1930களின் இறுதியில் அதே நகரத்தில், பல தேசங்களிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளோடு நாடக வேலை செய்யும்போது இந்த விளையாட்டுகளை உருவாக்கினார். அவருடைய நூல் 1963இல் வந்தது.

பிரேசில் நாடகக்காரர் அகுஸ்தோ போவால் 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவு இயக்கத்தில் வேலை செய்தபோது அவர் முன் இருந்தவர்களுக்குப் பல தாய்மொழிகள். பேச்சை நம்பி வகுப்பு நடத்த முடியாத அந்த நிலையில் ‘பிம்ப அரங்கு’ என்ற முறையை வளர்த்தார். ஒரு பிரச்சினையைப் பற்றிப் பேசாமல், கூட இருப்பவர்களின் உடம்புகளைச் சிலைபோல் வளைத்து நிறுத்திக் காட்டுவது. “உங்கள் பள்ளியைக் காட்டுங்கள்” என்றால் ஒருவர் நிமிர்ந்து நிற்க மூவர் தலைகுனிந்து நிற்கிறார்கள். பிறகு, “எப்படி இருந்தால் உங்களுக்குப் பிடிக்கும், அதைக் காட்டுங்கள்” என்கிறார் பயிற்சியாளர். சிலை மாறுகிறது. ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, ஆனால் ஒரு நாடகத்தின் தொடக்கமும் முடிவும் கிடைத்துவிட்டன.

இரண்டு மொழிக்கு நடுவில் நிற்கும் வெள்ளறடைப் பிள்ளைக்கு இந்த இரண்டு முறையும் சரியாகப் பொருந்துகின்றன. மலையாளம் தயங்கித் தயங்கிப் பேசும் தமிழ் வீட்டுப் பிள்ளையும், தமிழ் எழுதத் தெரியாத மலையாள வீட்டுப் பிள்ளையும் முதல் நாளே சமமாக நிற்க முடிகிறது. மொழியில் வல்லவனுக்கே கதாநாயகன் வேடம் என்ற பள்ளி வழக்கம் அங்கே தானாக உடைகிறது.

மூகாபிநயத்துக்கும் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. இந்த மலையடிவாரம் ரப்பர் பூமி. பால்வெட்டு பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, முதல் நாள் வெட்டில் காய்ந்துபோன ஒட்டுப்பாலை உரித்தெடுத்து, கத்தியைச் சாய்வான வெட்டின் மேல் வைத்து, பட்டையை மெல்லிய சீவலாக இழுத்து, சிரட்டையை நேராக்கி, அடுத்த மரத்துக்கு நகர்வது. இதை வெறுங்கையால் செய்து காட்டச் சொல்ல வேண்டும். கத்திக்கு எடை இருக்கிறதா? பட்டை கத்தியை எதிர்க்கிறதா? ஒவ்வொரு மரத்திலும் வெட்டின் உயரம் ஒன்றா? இருட்டில் கால் எங்கே வைக்கப்படுகிறது? பார்த்துப் பழகிய வேலையைக்கூட உடம்பு எவ்வளவு கொஞ்சம் நினைவில் வைத்திருக்கிறது என்று பிள்ளை அப்போதுதான் உணரும். மறுநாள் அதிகாலை தோட்டத்துக்குப் போய் அப்பாவையோ மாமாவையோ மறுபடி பார்த்துவிட்டு வரும். நடிகரின் கவனிப்பு அங்கே தொடங்கிவிட்டது.

ஆசானின் சுவடு

நடிகருக்கு உடற்பயிற்சி தேவை என்பதை ஒப்புக்கொள்ளும் பள்ளிகள்கூட ஏதோ ஒரு வார்ம்-அப் செய்துவிட்டு ஒத்திகைக்குப் போய்விடுகின்றன. உலகம் இந்தப் பக்கத்துக்கு வந்து எடுத்துப்போனதை நினைத்தால் அது வருத்தம் தரும்.

1963இல் இத்தாலியரான யூஜெனியோ பார்பா கேரள கலாமண்டலத்துக்கு வந்தார். கதகளி மாணவர்களின் பயிற்சியைப் பார்த்துக் குறிப்பெடுத்துப் போலந்து நாடக இயக்குநர் கிரோட்டோவ்ஸ்கியிடம் கொண்டு சேர்த்தார். கிரோட்டோவ்ஸ்கியின் நாடகக் கூடத்தின் நடிகர் பயிற்சியில் கதகளியிலிருந்து எடுத்த பயிற்சிகளும் கலந்தன. 1976இல் அமெரிக்கர் பிலிப் ஸாரிலி திருவனந்தபுரம் சி.வி.என். களரிக்கு வந்தார். ஆண்டுக்கணக்கில் களரிப்பயிற்று கற்று, அதை யோகாவோடும் தாய்-ச்சியோடும் சேர்த்து நடிகர்களுக்கான ஒரு பயிற்சி முறையை அமைத்து, 2020இல் இறக்கும்வரை உலகெங்கும் கற்பித்தார். 1998இல் வெளிவந்த அவருடைய களரி ஆய்வு நூலின் தலைப்பே களரிக்காரர் வழக்கிலிருந்து வந்தது: உடம்பு முழுவதும் கண்ணாக வேண்டும். தென் திருவிதாங்கூரின் தற்காப்புக் கலையான வர்ம அடியைப் பற்றியும் அந்த நூலில் எழுதியிருக்கிறார்.

அந்தத் தெற்கன் முறையின் சொந்த மண் நெய்யாற்றின்கரை முதல் கன்னியாகுமரி வரையிலான நிலம்தான். அடிமுறை என்றும் சொல்வார்கள். கற்றுத் தருபவர் ஆசான். வடக்கன் களரியில் ஆயுதத்துக்கு முன் நீண்ட மெய்ப்பயிற்சி உண்டு. தெற்கே சுவடுகள் எனப்படும் வெறுங்கை நிலைகளிலேயே பாடம் தொடங்கிவிடும். ஒரு சுவட்டில் எடை எந்தக் காலில் இருக்கிறது, பார்வை எங்கே நிற்கிறது, மூச்சு எப்போது வெளியே போகிறது எல்லாம் ஒன்றாகக் கற்பிக்கப்படுகின்றன. மேடையில் தடுமாறும் பிள்ளைக்கு வேண்டியவையும் இவையே. அடி தாங்கவோ கொடுக்கவோ அல்ல, நிற்கக் கற்றுக்கொள்ள. ஒரு ஆசானிடம் பத்து நாள் காலையில் சுவடு வைத்த பிள்ளை, மேடையில் கையை எங்கே வைப்பது என்று பிறகு தேடாது. கை இருக்கும் இடம் இடுப்பிலிருந்தும் காலிலிருந்தும் வருகிறது என்று அதன் உடம்புக்குத் தெரிந்திருக்கும்.

முப்பத்திரண்டு காரணங்கள்

பட்டறையில் மிகவும் குழப்பம் வரும் இடம் உணர்ச்சி. “சோகமாக நடி” என்பது பயனற்ற கட்டளை. பிள்ளை முகத்தைச் சுருக்கும், குரலை நடுங்கவிடும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. மாஸ்கோ கலை அரங்கை 1898இல் நெமிரோவிச்-தான்செங்கோவோடு சேர்ந்து தொடங்கிய ஸ்தானிஸ்லாவ்ஸ்கி வாழ்நாள் முழுக்க மோதிய கேள்வி இது. உணர்ச்சியை நேரடியாக அழைத்தால் வராது. பாத்திரத்தின் சூழ்நிலையை நுணுக்கமாக அமைத்துக்கொள், அந்தச் சூழ்நிலையில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று கேள், செய்ய வேண்டியதைச் செய். உணர்ச்சி பின்னால் வரும். அவர் வந்து சேர்ந்த வழி சுருக்கமாக இது.

தமிழ்ப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தரத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைத் திறக்கலாம். பள்ளியில் அது மனப்பாடப் பகுதியாகவே அறிமுகமாகிறது. நடிகனின் கையேடாக அதைப் படித்துப் பார்க்க வேண்டும். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகள். அவை ஒவ்வொன்றும் முகத்தில் எப்படித் தெரியும் என்று அந்த இடத்தில் அது விவரிப்பதில்லை. எதனால் பிறக்கும் என்று சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம், மொத்தம் முப்பத்திரண்டு. அழுகைக்கு: பிறர் இழிவாக நடத்துவது, இழப்பு, நிலை தளர்வது, வறுமை. அச்சத்துக்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தன்னை ஆள்பவன். மருட்கைக்கு: புதியது, பெரியது, சிறியது, ஒன்று வேறொன்றாக ஆவது. வெகுளிக்கு: உறுப்பை அறுப்பது, குடியைச் சிதைப்பது, வைது அலைப்பது, கொலை.

இதை அப்படியே பயிற்சியாக்கலாம். நான்கு பிள்ளைகளுக்கு அழுகையின் நான்கு காரணங்களையும் ஆளுக்கொன்றாகக் கொடுங்கள். ஒரே வாக்கியம், “நான் வீட்டுக்குப் போறேன்.” இகழப்பட்டவள் அதைச் சொல்லும் விதமும், பாட்டியை இழந்தவள் சொல்லும் விதமும், கட்டணம் கட்ட முடியாதவள் சொல்லும் விதமும் ஒன்றல்ல. இகழப்பட்டவள் அழுகையை மறைக்கப் பார்ப்பாள். இழந்தவளுக்கு மறைக்கத் தோன்றாது. பணமில்லாதவள் முதலில் யார் பார்க்கிறார்கள் என்று சுற்றிப் பார்ப்பாள். பயிற்சியாளர் எதையும் நடித்துக் காட்ட வேண்டாம். காரணத்தைக் கொடுத்தால் போதும். அச்சத்தின் நான்கும் அப்படித்தான். புலியிடமிருந்து ஓடலாம், தலைமையாசிரியரிடமிருந்து ஓட முடியாது. ஓட முடியாத அச்சம் உடம்பில் வேறு இடத்தில் உட்காரும்.

தமிழில் நாடக இலக்கணம் இல்லை என்று சொல்லிப் பழகியவர்கள் உரையாசிரியர்களைப் புரட்ட வேண்டும். மெய்ப்பாட்டியலுக்கு உரை சொல்லும் இளம்பூரணர், இன்று நமக்குக் கிடைக்காத செயிற்றியம் என்ற கூத்து நூலிலிருந்து மேற்கோள் காட்டுகிறார். மேடையையும் பார்வையாளரையும் வைத்துச் சிந்தித்தவர்களின் சுவடு அது.

மூச்சின் பக்கத்திலிருந்து இதே கதவைத் தட்டியவர்களும் அருகில் உண்டு. இரிஞ்ஞாலக்குடையில் ‘நடனகைரளி’யை நடத்தும் ஜி. வேணு, கூடியாட்ட மரபிலிருந்து எடுத்து, ஒன்பது ரசங்களையும் மூச்சின் போக்கோடு சேர்த்துக் கற்பிக்கும் ‘நவரச சாதனை’ என்ற பயிற்சியை நடத்திவருகிறார். அதற்குப் பல நாடுகளின் நடிகர்கள் வருகிறார்கள். கூடியாட்டம் 2001இல் யுனெஸ்கோவின் அறிவிப்பைப் பெற்ற கலை. பள்ளி மாணவர் அதை முழுமையாகக் கற்க ஆண்டுகள் வேண்டும். கோபத்தில் மூச்சு எப்படி நிற்கிறது, வியப்பில் எப்படி உள்ளே போகிறது என்று கவனிக்க ஒரு மாலை போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளையின் சொந்தத் துக்கத்தைக் கிளறி அழவைக்கும் பயிற்சிகள் சில முகாம்களில் நடக்கின்றன. “உன் அம்மா செத்துப்போனதாக நினைத்துக்கொள்” என்பார்கள். பதினான்கு வயதுப் பிள்ளையிடம் அதைச் செய்வது தவறு. ஸ்தானிஸ்லாவ்ஸ்கியே தம் கடைசிக் காலத்தில் உணர்ச்சி நினைவைவிட உடற்செயலின் பக்கம் திரும்பினார். காரணத்தைக் கற்பனையில் அமைத்து, செயலைச் செய்யவைத்தால் பிள்ளையின் மனமும் பத்திரமாக இருக்கும், நடிப்பும் நன்றாக வரும்.

கேட்டால்தான் பதில்

திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்ட மாவட்டங்களில் காக்காரிசி நாடகம் என்று ஒரு வடிவம் உண்டு. சிவனும் பார்வதியும் கங்கையும் குறி சொல்லும் காக்காலர் வேடத்தில் பூமிக்கு வருவது கதை. தமிழும் மலையாளமும் கலந்த பாட்டும் பேச்சும். காக்காலர் வேடத்தில் வரும் காக்கான் உள்ளே வந்ததும், ஊர்ப் பெரியவரான தம்புரான் கேள்வி கேட்பார். நீ யார், எங்கிருந்து வருகிறாய், ஏன் வந்தாய்? காக்கான் பதிலில் கிண்டல் இருக்கும், ஊர்ச் செய்தி இருக்கும், அன்றைக்குக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் யாரையாவது தொட்டுவிட்டும் போகும். கட்டமைப்பு பழையது, பேச்சு அன்றன்றைக்குப் பிறப்பது.

இன்று ‘இம்ப்ரோ’ என்ற பெயரில் பட்டறைகளில் சொல்லித்தரும் பாடத்தை இந்த மண் தன் இருமொழியிலேயே வைத்திருக்கிறது. 1979இல் நாடகப் பயிற்சியாளர் கீத் ஜான்ஸ்டன் இதைப் பற்றி எழுதிய நூலில் அடிப்படையான அறிவுரை ஒன்று: எதிரில் இருப்பவர் தருவதை மறுக்காதே, ஏற்றுக்கொண்டு மேலே கட்டு. தம்புரான் “உன் தலையில் என்ன?” என்றால் “ஒன்றுமில்லை” என்று காக்கான் சொல்ல மாட்டான். சொன்னால் அங்கேயே நாடகம் செத்துவிடும். அவனிடம் ஏதாவது பதில் இருந்தே தீரும்.

பள்ளி நாடகத்தின் பெரிய நோய் பிள்ளைகள் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்பதில்லை என்பது. எதிராளி வாய் மூடியதும் தன் வசனம் என்று காத்திருப்பார்கள். வகுப்பில் ஒருவரைத் தம்புரானாக உட்காரவைத்து, மற்றவர்களை ஒவ்வொருவராகக் காக்கானாக அனுப்பினால் இந்த நோய் விரைவில் குறையும். அடுத்த கேள்வி என்னவென்று தெரியாதபோது கேட்டே ஆக வேண்டும். தமிழில் கேட்டாலும் மலையாளத்தில் கேட்டாலும் வாய்க்கு வந்த மொழியில் பதில் சொல்லலாம் என்ற சுதந்திரமும் அங்கே உண்டு. வடிவமே அந்த அனுமதியைக் கொடுக்கிறது.

வில்லுப்பாட்டும் இந்த நிலத்தின் சொத்துதான். கோயில் கொடைகளில் இரவெல்லாம் கதை சொல்லும் புலவர் வேடம் மாற்றுவதில்லை, இடம் மாறுவதில்லை. வீசுகோலை வில்லில் தட்டியபடி கதை சொல்லிக்கொண்டிருப்பவர், அடுத்த நொடி இசக்கி அம்மனாகவே பேசுவார், அடுத்த வரியில் மறுபடி கதைசொல்லி. குரலும் கண்ணும் மட்டும் மாறும். ஒரே ஆள் பல பாத்திரமாக வரும் மோனோ ஆக்ட் பயிலும் மாணவருக்கு இதைவிட நல்ல பாடநூல் இல்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பி ஆள் மாற்றும் பழைய உத்தியை அந்தப் புலவர் எப்போதோ தாண்டிவிட்டார்.

நாக்கில் இருக்கும் பேச்சு

எல்லைப் பிள்ளையின் பேச்சைத் திருத்துவதையே குரல் பயிற்சி என்று நினைப்பவர்கள் உண்டு. திருவனந்தபுரத்துத் தெற்கன் பேச்சு மலையாள மேடையிலும் திரையிலும் வெகுகாலம் கேலிப் பொருளாகவே இருந்தது. தமிழ் மேடையில் குமரிப் பேச்சுக்கும் அதே கதி. அந்தத் தெற்கன் பேச்சை நகைச்சுவையாகப் பேசிப் புகழடைந்த சுராஜ் வெஞ்ஞாறமூடுதான் ‘பேரறியாத்தவர்’ படத்துக்காக 2013ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது வாங்கினார். அதே பேச்சில் வளர்ந்த நடிகர், சிரிப்பைத் தாண்டிய இடத்திலும் நின்று காட்டிவிட்டார்.

உச்சரிப்புத் தெளிவு வேறு, வட்டாரப் பேச்சை அழிப்பது வேறு. தெளிவுக்கு வேலை மூச்சிலும் உதட்டிலும் நாக்கிலும் இருக்கிறது. வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, மைதானத்தின் மறுகோடித் தென்னைக்குக் கேட்கும்படி, ஆனால் கத்தாமல், ஒரு செய்தியைச் சொல்லச் சொல்லலாம். சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் சொல்வதும் பழக்கம்தான். இதெல்லாம் வந்துவிட்டால் “எந்தர் அப்பீ?” என்று கேட்கும் பாத்திரமும் மேடையின் கடைசி வரிசைவரை போய்ச் சேரும். ஊர்ப் பேச்சை வெட்கத்தோடு பேசும் பிள்ளையால் எந்தப் பேச்சையும் உண்மையாகப் பேச முடிவதில்லை. இதைப் பட்டறைகளில் திரும்பத் திரும்பப் பார்க்க முடிகிறது.

சங்கரப்பிள்ளையின் பிரசாதனா லிட்டில் தியேட்டரில் தொடங்கி ‘கொடியேற்றம்’ படத்துக்காகத் தேசிய விருது பெற்ற நடிகர் பரத் கோபியை இங்கே நினைக்க வேண்டும். பக்கவாதத்தால் உடம்பின் ஒரு பகுதி செயலிழந்த பிறகும் நடிப்பைப் பற்றி யோசித்து, ‘அபிநயம் அனுபவம்’ என்ற நூலை எழுதினார். அதற்கும் தேசிய விருது கிடைத்தது. அவரும் சிறையின்கீழ்க்காரர்தான். மலையாளம் படிக்கத் தெரிந்த எல்லை மாணவர் கையில் அந்த நூல் இருக்க வேண்டும். தமிழ் படிக்கத் தெரிந்தவர் கையில் டி.கே. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’. இரண்டையும் படிக்கும் பிள்ளை இந்த வட்டாரத்தில்தான் இருக்க முடியும்.

ஜூனில் தொடங்கினால்

பள்ளி திறக்கும் ஜூனிலேயே தொடங்கினால் கலோத்ஸவக் காலம் வரும்போது கையில் சில மாதங்கள் இருக்கும். வாரம் இரண்டு மாலை, பள்ளி விட்ட பிறகு ஒன்றரை மணி நேரம் போதும். ஜூனில் நடையும் விளையாட்டும். ஜூலை மழையில் அறைக்குள் மூச்சும் குரலும். ஓண விடுமுறைக்கு முன் மெய்ப்பாடுகளும் காக்காரிசிக் கேள்வி-பதிலும். அதற்குப் பிறகு, பிள்ளைகள் செய்து பார்த்த காட்சிகளிலிருந்தே ஒரு நாடகத்தை எடுத்து எழுதலாம், அல்லது நல்ல பிரதி ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வசனம் அப்போது வந்தால் போதும். அந்த நாடகம் போட்டிக்குப் போனாலும் போகாவிட்டாலும், அதில் நடித்த பிள்ளைக்கு ஏன் அழுகிறோம் என்று தெரிந்திருக்கும்.

தொடர்ந்து படிக்க விரும்புபவர்களுக்கு இரு பக்கமும் வழி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்குத் திருச்சூர் நாடகப் பள்ளியில் இளநிலைப் பட்டம், பட்டம் முடித்தவருக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்தில் முதுகலை.

பள்ளிக்கு இதில் பெரிய செலவு இல்லை. பெஞ்சுகளை ஒதுக்கிவைத்த ஒரு வகுப்பறை, பயிற்சி முறை தெரிந்த ஓர் ஆசிரியர். இல்லாவிட்டால் அதைக் கற்றுவர அனுப்பப்படும் ஓர் ஆசிரியர். இவர்களோடு ஊரிலுள்ள அடிமுறை ஆசான் ஒருவர், வில்லுப்பாட்டுப் புலவர் ஒருவர், காக்காரிசி ஆடிய பெரியவர் ஒருவர். ஆண்டுக்குச் சில நாள் அவர்களை வகுப்புக்கு அழைத்து, ஆசிரியருக்குரிய மரியாதையோடு உட்காரவைத்து, போக்குவரத்துச் செலவும் அன்றைய சன்மானமும் கொடுக்க வேண்டும். ஒரு பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் ஒதுக்கிவிடக்கூடிய தொகைதான் அது.